கெட்டி

பாலக்கோட்டில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம்
ஒரு வியாழக்கிழமை
நகைக்கடன் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

மாதம்மாள் கொண்டுவந்த காசுமாலையை
உரைகல்லில் இழுத்து
அரக்கைக் கழித்து, கல்லைக் கழித்து
இவ்வளவுதான் வரும் என்றேன்.
சொட்டுநீர்க் குழாய்க்கு அது போதாது.
கேட்டாள். முடியாது என்றேன்.
மறுபடி கேட்டாள்.
சிரித்துக்கொண்டே முடியாது என்றேன்,
பயிற்சியில் சிரிக்கத்தான் சொல்லித்தந்தார்கள்.
மாலையை முந்தானையில் முடிந்துகொண்டு
வரிசையைப் பார்த்துச் சொன்னாள்:
"இந்தம்மா ரொம்பக் கெட்டி."
வரிசை தலையாட்டியது.

என் ஊர் வேதாரண்யம்.
அங்கே தயிர் கெட்டியாக இருக்கலாம்.
காப்பு கெட்டியாக இருந்தால் பெண்வீட்டுக்குப் பெருமை.
உப்பளத்துப் பாத்தியை
மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும்,
இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறும்.
ஆனால் பொம்பளை கெட்டி என்றால்
அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்தில்
அழாமல் நின்ற என்னைக் காட்டி
அத்தை சொன்னாளே, அது.
"இவ கெட்டிடி. ஒரு சொட்டு வருதா பாரு."

பதினோரு வருஷம் கழித்து
நாலு பஸ் மாறி வந்தால்
எனக்கு முன்னால் இங்கே வந்து
டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல்.

மூன்று வாரம் இளகினேன்.
உட்காருங்கம்மா என்றேன், தண்ணீர் கொடுத்தேன்.
அரக்கு கழிக்கும் நேரத்தில்
என் தராசு லேசாகக் கண்ணை மூடிக்கொண்டது.
ஒரு கம்மலில் அரை கிராம்.
செயலாளர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே
"என்னம்மா, உன்னக் கெட்டின்னாங்களே" என்றார்.
புகாரா, ஏமாற்றமா?
அவருக்குக் காரிமங்கலம்.
எந்த அகராதியை எடுத்துப் பார்ப்பது.

ஊருக்குப் போக விடிகாலை பஸ்.
தக்காளி மண்டி வாசலில்தான் நிற்கும்.
ட்யூப்லைட் வெளிச்சத்தில் பெட்டி பெட்டியாகச் சிவப்பு.
முப்பது பெட்டியோடு மாதம்மாளும் இருந்தாள்.
கோயம்பேட்டு வியாபாரி ஒருவர்
ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார்.
"கெட்டி" என்றார்.
பெட்டிக்கு நாற்பது ரூபாய் ஏறியது.
பக்கத்துக்காரர் பழமும் அதே சிவப்புதான்.
அமுக்கினார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.
அது வேலூர் தாண்டாது.

பஸ் ஹாரன் அடிக்க அடிக்கக் கேட்டேவிட்டேன்:
"அப்ப அன்னிக்கு என்னைப் பாராட்டுனீங்களா?"

பணத்தை எண்ணி முடிக்கும்வரை அவள் பேசவில்லை.
"இன்னா பாராட்டு?"
"கெட்டின்னீங்களே."
"ஆமா சொன்னன். வயித்தெரிச்சல்லதான் சொன்னன்.
அப்புறம் மாரண்டஅள்ளி அடகுக்கடைக்குப் போனன்.
நீ சொன்னதுக்கு மேல எட்டாயிரம் தரன்னான்.
வட்டியக் கேட்டன், மாலைய எடுத்துகினு வந்துட்டன்.
வரும்போது பஸ்ல சொன்னன்,
அந்தப் பொண்ணு கெட்டிதாம்பான்னு.
ரெண்டு வாட்டி சொல்லிக்கீறன்.
நீ எதக் கேக்கற?"

எனக்குத் தெரியவில்லை.
நாலு பழத்தை என் பையில் போட்டாள்,
காசு வேண்டாம் என்றாள்.

தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது.
பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.
அத்தை அதைச் சொன்னபோது
என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
விரல் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.
யாரைப் பார்த்துச் சொன்னாள்?
சுருண்டு கிடந்த அம்மாவையா?
அன்றைக்கு எத்தனை வாட்டி சொன்னாள்?
முதலாவது மட்டும்தான் என் காதில் விழுந்ததா?

சேலத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.
பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு பழத்தைத் துடைத்துக் கடித்தேன்.
தோல் சட்டென்று விடவில்லை.
விட்டதும்,
முழங்கைவரை வழிந்தது.